ஒன்றுமில்லை என்று நான் சொன்ன கண்

என் பட்டறை மேசை இழுப்பறையில் ஒரு சின்ன டார்ச் கிடக்கிறது. எத்தனையோ பேர் கண்ணில் விழுந்த இரும்புப் பொடியை இதன் வெளிச்சத்தில் எடுத்திருக்கிறேன். தீக்குச்சியால் இமையை மடக்கி, வேட்டி நுனியை முறுக்கி ஒற்றினால் வந்துவிடும். எங்கள் பூதப்பாண்டி ஊர்ப் பக்கத்தில் டாக்டரிடம் போகுமுன் என்னிடம்தான் வருவார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

அத்தான், என் அக்காவின் கணவர், என் பட்டறையில்தான் வேலை பார்த்தார். கன்னிப்பூ நெல் அறுவடைச் சமயம். வாசலில் மூன்று டிராக்டர்கள் காத்து நின்றன. ஒரு டிராக்டரின் துருப்பிடித்த இணைப்பாணியைச் சுத்தியலால் அடித்துக் கழற்றிக்கொண்டிருந்தவர் சட்டென்று வலது கண்ணைப் பொத்தினார். டார்ச் அடித்து, மேல் இமை கீழ் இமை இரண்டையும் மடக்கிப் பார்த்தேன். பொடி இல்லை. பெரிய சிவப்புகூட இல்லை.

“உள்ள என்னமோ போயிருக்கு மக்கா” என்றார்.

“ஒண்ணும் கெடையாது. சோலி செய்ய மடின்னா அதச் சொல்லுங்க அத்தான்.”

அவரைச் சோம்பேறியாக்கியதைக் கேட்டு நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.

எட்டு நாள் அப்படியே வேலை செய்தார். மங்கலாகத் தெரிகிறது என்று இரண்டு முறை சொன்னார். வயதாகிறதல்லவா என்றேன். ஒன்பதாம் நாள் கண் சிவந்து வீங்கியபோதுதான் நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போனோம். அக்காவும் வந்தாள். டாக்டரம்மா டார்ச்சைத் தொடும் முன்பே, சுத்தியல் அடித்தீர்களா என்று கேட்டார். எக்ஸ்ரேயில் எள்ளில் பாதி அளவு இரும்புச் சில்லு, கண்ணுக்குள்ளே கிடந்தது. வேகமாகத் தெறிக்கும் சில்லு கண்ணைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்றார். அத்தான் சுத்தியல் அடித்தது என் கண் முன்னால். நான் இமையில் தேடியிருக்கிறேன், மடையன்.

ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று டாக்டரம்மா கேட்டார்.

“நாந்தான் அசட்டையா இருந்துட்டேன்” என்றார் அத்தான். அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

சில்லை எடுத்தார்கள். பார்வை திரும்பவில்லை.

இப்போது யார் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு விரட்டுகிறேன். அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அத்தான் வலது தோளைக் கதவில் இடித்துக்கொள்ளும்போதெல்லாம் அக்கா கத்துவாள்: “அண்ணைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இந்தக் கதி உண்டுமா?” அவர் என் பக்கம் திரும்பாமல் சிரிப்பார். நான் அவள் போட்டுத் தந்த சாயாவைக் குடித்துக்கொண்டிருப்பேன். உண்மையை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

நேற்று இழுப்பறையைத் திறந்து டார்ச்சை அமுக்கிப் பார்த்தேன். அது நன்றாகத்தான் எரிகிறது.