கையெடுத்தால் நின்ற வெளிச்சம்

2005 வாக்கில் நடந்தது இது. விழுப்புரத்திலிருந்து கண்டமங்கலம் வழியாக தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். திண்டிவனத்தில் என் அக்கா படுத்த படுக்கையாக இருந்தார். நரம்பு நோய். வாய் ஓயாமல் பேசுகிற அக்காவுக்கு முதலில் பேச்சு போனது, பிறகு கைகால். வலது கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசையும்.

என் வேலையை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. கணினித் திரையில் பொத்தான், எழுத்து எல்லாம் வரைந்து காட்ட ‘டூல்கிட்’ என்று ஒன்று உண்டு. பெரிய கணினிகளுக்காக எழுதிய அதை, சின்னக் கருவிகளில் திரையைக் கவனித்துக்கொள்ளும் எளிய விண்டோ அமைப்பில் ஓடும்படி மாற்றிக்கொடுப்பேன். சோறு போடுகிற வேலை, அவ்வளவுதான் அதன்மேல் எனக்கு மதிப்பு.

அப்போது அக்கா மகளுக்கு வரன் முடிவாகியிருந்தது. பேச்செடுத்தாலே அக்கா கண்ணில் தண்ணீர் வரும். “சந்தோஷத்துல அழுவுறா” என்பார் மாமா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில், இன்னாருக்கு இன்னார் என்று முதல் கல்யாண ஓலை வாசிக்கப்போகிறார்கள். ஊரறிய அறிவித்துவிட்டால் பின்வாங்குவது கஷ்டம். அதற்குள் அக்கா மனதில் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தவித்தேன்.

ஆபீஸில் ஓரமாகக் கிடந்த சின்னத் திரைக் கருவி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் டூல்கிட்டை ஏற்றினேன். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக இருக்கும். ஒரு வெளிச்சம் அவற்றின் மேல் தானாக நகரும். வேண்டிய எழுத்துக்கு வந்ததும் கருவியோடு இணைத்த பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும். ஆபீஸில் அருமையாக ஓடியது.

அக்கா முன்னால் வைத்ததும் வெளிச்சம் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. சோதித்துப் பார்க்க மாட்டியிருந்த மவுஸை நான் தொட்டால் நகர்ந்தது, கையெடுத்தால் நின்றது. அக்கா கண் சிமிட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவள ஏன் பேஜாரு பண்ற? எடுத்துக்கினு போம்மா” என்றார் மாமா. திரும்பும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

சனிக்கிழமை ஆபீஸில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. யாராவது எதையாவது தொடும்வரை அந்த விண்டோ அமைப்பு தூங்கிவிடுகிறது. வெளிச்சத்தை நகர்த்துகிற டூல்கிட்டின் கடிகாரமும் கூடவே தூங்கிவிடுகிறது. என் கை எப்போதும் மவுஸ் மேலேயே இருந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. யாரும் தொடாவிட்டாலும் அவ்வப்போது விழித்துக் கடிகாரத்தைப் பார்க்கும்படி மாற்றி, சாயங்காலமே திண்டிவனத்துக்கு ஓடினேன்.

இந்த முறை வெளிச்சம் நிற்கவில்லை. அக்கா அழுத்த அழுத்த மாமா எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘அவளை’ என்று வந்ததுமே என் பக்கம் திரும்பினார்.

“அவளை ஜல்தி கட்டிக்குடுக்கணும்னு சொல்றா, பாத்தியா?”

அக்காவின் விரல் மறுபடி அழுத்தியது. இன்னும் சில எழுத்துகள். திரையில் முழுதாக வந்து நின்றது: ‘அவளை கேளுங்க.’

அக்கா மனதில் என்ன என்று இத்தனை நாள் ஆளாளுக்கு வாதாடினோம். கஞ்சி டம்ளரோடு பக்கத்திலேயே நின்றிருந்த பெண்ணை ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

“எனக்கு இப்ப வேணாம்பா. அம்மாவ விட்டுட்டு நான் எங்கயும் போவல.”

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு பங்குச் சாமியாரைப் பார்க்கக் கிளம்பினார். ஓலை வாசிக்கப்படவில்லை.

அந்த மழைக்காலத்துக்குள் அக்கா போய்விட்டார். அடக்கம் முடிந்து வந்து பார்த்தால் கட்டிலருகே கருவி அணைக்கப்படாமல் இருந்தது. யாரும் தொடாமலே, எழுத்து எழுத்தாக வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது.

“நிறுத்திடட்டுமா சித்தி?” என்று கேட்டாள் அக்கா மகள்.

இன்றும் எந்தத் திரை வேலையை முடித்தாலும் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கொஞ்ச நேரத்தையே என்னால் தாங்க முடிவதில்லை. அக்கா மாதக்கணக்கில் அப்படித்தான் எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.