இடம் மாற்றியவர் இடம் மாறவில்லை

போன சனிக்கிழமை சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் திரும்பினால், எதிரே என் பழைய தலைவர்!

பெயர் வேண்டாம். நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த அரசாங்க அமைப்பின் பெயரும் வேண்டாம். தலைவர் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது அதைவிடப் பெரிய ஓர் இடத்தில் இருக்கிறார். பட்டு ஜிப்பாவில் ஐந்து வயது குறைந்து தெரிந்தார்.

"ஹலோ! நீங்க நம்ம கம்யூனிகேஷன்ஸ்ல இருந்தீங்கல்ல? ரிட்டயர் ஆயிட்டீங்களா?"

ஆகிவிட்டேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே…

"சார், ஜூரோங்குக்கு அனுப்பினோமே லைசென்ஸ் பிரிவு, அதை மறுபடியும் ஜாலான் புசாருக்கே கொண்டுவந்துட்டாங்க, தெரியுமா?"

"கேள்விப்பட்டேன்," என்று சிரித்தார். "லெசன்ஸ் லேர்ன்ட் லா!"

பாடம் கற்றுக்கொண்டோமாம். யார் கற்றுக்கொண்டது? எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாடத்தில் இடுப்பெலும்பு உடைந்தது யாருக்கு என்று தெரியும்.

கோமதி அந்தப் பிரிவில் கவுன்டர் அதிகாரி. ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே ஒரு பழைய கட்டடம் – அதில்தான் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தார். சுற்றுவட்டாரச் சின்னக் கடைக்காரர்கள் லைசென்ஸ் புதுப்பிக்க அங்கேதான் வருவார்கள். விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாதவர்களுக்குக் கோமதி வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பார். என் தலைமை அலுவலகம் பத்து நிமிட நடை. வாரத்தில் இரண்டு நாளாவது லிட்டில் இந்தியாவில் ஒன்றாகச் சாப்பிடுவோம். நான் அவருக்கு அக்கா.

வீடு செங்காங்கில். கணவர் ராஜன் பஸ் ஓட்டியவர். ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் தளர்ந்துவிட்டது, பேச்சும் இழுக்கும். பகலில் பக்கத்து அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் பராமரிப்பு நிலையத்தில் இருப்பார். அது மாலை ஆறரைக்கு மூடும். கோமதி ஐந்தரைக்கு வேலையை முடித்து, லிட்டில் இந்தியாவில் ரயிலேறினால் ஆறே காலுக்கு அங்கே நிற்பார். தினமும் ஒரே ஓட்டம்தான். ஆனால் ஓடிப் பிடிக்க முடிந்த ஓட்டம்.

அப்போதுதான் தலைவர் அறிவித்தார். லைசென்ஸ் பிரிவு முழுவதும் தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் ஜூரோங்குக்கு மாறும். இரண்டு மாத அவகாசம். வர முடியாதவர்கள் "தங்கள் வாய்ப்புகளைப் பரிசீலிக்கலாம்". வேலையை விட்டுப் போகலாம் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியுமா?

தலைமை அலுவலகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். தலைவரின் அறையும்தான்.

இதில் என் பங்கும் உண்டு. 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று ஒரு கையேடு தயாரித்தேன். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்பதற்கு முன்பே! அதில் ஒன்று – வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்தால் என்ன செய்வது? நான் எழுதிய பதில்: உங்கள் மேலதிகாரியிடம் பேசுங்கள்.

கோமதி பேசினார். காலை ஏழுக்கே வந்துவிடுகிறேன், நாலு மணிக்கு விடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி நல்ல மனிதர். கையில் அதிகாரம் இல்லாத நல்ல மனிதர். மேலே அனுப்பினார். ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டிவரும் என்று திரும்பி வந்தது.

அடுத்து, தலைவர் எல்லா ஊழியர்களையும் சந்தித்த டவுன்ஹால் கூட்டம். முந்நூறு பேருக்கு நடுவே கோமதி எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினார். தன் நிலைமையைச் சொன்னார். ஒன்றையும் விடாமல் முழுவதும் சொல்லி முடித்தார்.

"வெரி குட் கொஸ்டின்," என்றார் தலைவர். "லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன்."

பிறகு தனியாகப் பேசுவோம் என்று அர்த்தம். பேசவே மாட்டோம் என்பது நடைமுறை.

கோமதி ஜூரோங் போனார். ஷட்டில் பஸ், ரயில், இன்னொரு ரயில்… வீடு சேர ஏழரை. பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் தினமும் ராஜனை நிலையத்திலிருந்து கூட்டிவந்து தன் வீட்டில் உட்கார வைத்துக்கொள்வார். ஐந்து மாதம் இப்படியே ஓடியது.

ஆறாவது மாதம் ஒரு நாள் அந்த அம்மாளுக்குக் காய்ச்சல். கோமதி அரை நாள் லீவு கேட்டார். கவுன்டரில் ஆள் இல்லை என்று மறுத்தார்கள். ஐந்தரைக்குக் கிளம்பினார். கொட்டும் மழை; ஷட்டில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. நிலையத்துப் பெண் தன் வேலை நேரம் முடிந்தும் ராஜனோடு காத்திருந்தார். ஆனால் ராஜனுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு காலத்தில் ஒரு நிமிடம் தாமதமில்லாமல் பஸ் எடுத்தவர். தனக்காக இன்னொருவர் வீடு திரும்பாமல் நிற்கிறாரே என்று, அந்தப் பெண் போன் பேச உள்ளே போன நேரத்தில், கோலை ஊன்றிக் கிளம்பிவிட்டார். வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான்.

ஈரத் தரை. வழுக்கிவிட்டது.

போன் வந்தபோது கோமதி இன்னும் ஜூரோங்கைத் தாண்டவில்லை.

இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. ராஜன் அதன்பிறகு எழுந்து நடக்கவில்லை. கோமதி வேலையை விட்டார். விலகல் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் அவர் எழுதியது மூன்று வரி. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் ஒரே வார்த்தையாகச் சுருக்கினார்கள்: பர்சனல்.

ஜூரோங் அலுவலகத்துக்குக் கடைக்காரர்கள் யாரும் சரியாக வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு அவ்வளவு தூரம் யார் வருவார்? புகார் மேல் புகார். ஆனால் அதற்குள் தலைவருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. பிரிவு உபசார மலரில் 'துணிச்சலான மாற்றங்களைக் கொண்டுவந்தவர்' என்று போட்டோம். எழுதியது நானேதான்.

இத்தனையையும் சுருக்கமாகத் தலைவரிடம் சொன்னேன், மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு. கேட்டுக்கொண்டார். மறுக்க மாட்டேன்; முகம் மாறத்தான் செய்தது.

"ஆனா அது போர்டு எடுத்த முடிவு, தெரியும்ல?"

"மாத்தணும்னு போர்டுக்குப் பேப்பர் கொண்டுபோனது நீங்கதானே சார்?"

"கன்சல்டன்ட் ரிப்போர்ட்ல அப்படித்தான் இருந்துச்சு."

"அந்த கன்சல்டன்ட்டை வெச்சது யாரு சார்?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "ரொம்ப வருத்தமா இருக்கு. அவங்க பேரு என்ன சொன்னீங்க?" என்றார்.

"கோமதி. டவுன்ஹால்ல எழுந்து கேட்டாங்களே…"

அவருக்கு நினைவில்லை. நடிக்கவில்லை, உண்மையிலேயே நினைவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கசந்தது.

"ஒரு போன் பண்ணி ஸாரி சொன்னா போதும் சார்."

"ஈமெயில் ஐடி அனுப்புங்க. செக்ரட்டரிகிட்ட சொல்லி ஒரு நோட் போடச் சொல்றேன்."

தாமதமாகப் போனால் ஒரு கவுன்டர் அதிகாரி விளக்கம் எழுத வேண்டும். ஒரு பாரம் தொலைந்தால் அதற்கும் விளக்கம். ஒரு பிரிவையே தவறான இடத்துக்குத் தூக்கிப் போட்டவர் எழுத வேண்டிய விளக்கத்துக்கு மட்டும் ஏன் படிவமே இல்லை?

மறுநாள் செங்காங் போனேன். ராஜன் சக்கர நாற்காலியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைத் தூக்கி வாங்க என்றார். கோமதி பால் சேர்க்காத தே-ஓ கலந்து கொடுத்தார். நான் தலைவரைச் சந்தித்த கதையைச் சூடாகச் சொன்னேன். எப்படியெல்லாம் மடக்கிக் கேட்டேன் என்பதையும் விடாமல் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ…

கோமதி அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அவர விடுங்கக்கா. அவருக்கு என்னைத் தெரியாது. நீங்க எங்கூட உக்காந்து சாப்ட்டவங்க."

நான் மிச்சமிருந்த தே-ஓவைக் குடித்து முடித்தேன்.

"அன்னிக்கு நான் மைக்க வாங்கிப் பேசினப்ப நீங்க முன் வரிசையில இருந்தீங்க. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தாங்க. நீங்க ஏங்கா திரும்பல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஈமெயில் ஐடியை அன்றே அனுப்பிவிட்டேன். இதை எழுதும்வரை தலைவரிடமிருந்து பதில் இல்லை. கோமதிக்கு என்னிடமிருந்தும் இல்லை.