சரோஜா அம்மணியின் கிணற்று மோட்டார்

“…கரண்டுதானுங்ணா சதி பண்ணிப்போடுச்சு. உங்க கைவேலையைக் குத்தஞ் சொன்னா என்ற நாக்கு அழுகிப்போயிருமுங்க!”

அன்னூர் சரோஜா அம்மணி இப்படிச் சொன்னபோது நான் தலையாட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்…

சதி செய்தது கரண்ட் அல்ல, நான்தான். அவருடைய கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவதாகச் சொல்லி, விலை மலிந்த, சூடு தாங்காத அலுமினியக் கம்பி சுற்றிக் கொடுத்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

கோவை கணபதியில் எனக்குச் சிறிய மோட்டார் வைண்டிங் பட்டறை. சரோஜா அம்மணிக்கு அன்னூரில் ஒரு ஏக்கர் நேந்திரன் வாழை. எங்களுக்குள் பல வருடங்களாகப் பண்டமாற்றுதான். மோட்டார் பழுதானால் நான் பார்ப்பேன். என் வீட்டு விசேஷத்துக்கு இலையும் தாரும் அவர் தோட்டத்திலிருந்து வரும். எது கூட, எது குறைவு என்று கேட்டால் சிரிப்பார். “நமக்குள்ள எதுக்குங்ணா தராசு?” என்பார். மனிதர்கள் போகிற போக்கில் சொல்லும் இந்த மாதிரிப் பேச்சுகளைச் சேர்த்துவைக்கிறவன் நான். பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன். அந்தத் தராசில்லாத இடத்தில்தான் கைவைத்தேன்!

என் மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவர் மோட்டார் வந்தது. பந்தி முழுவதற்கும் இலை, மண்டப வாசலுக்குக் குலை தள்ளிய இரண்டு மரம். பதிலுக்கு நான் மோட்டாரை முழுக்கச் சுற்றித் தர வேண்டும். இதுதான் பேச்சு.

செம்புக் கம்பி இல்லாமல் இல்லை. அலமாரியிலேயே இருந்தது. ஆனால் அன்று காலைதான் ஒரு மில்லிலிருந்தும் மோட்டார் வந்திருந்தது, கையில் காசு தருகிற வேலை. செம்பை அதற்கு ஒதுக்கினேன். வாழையிலையைக் கம்பிக் கடையில் நீட்ட முடியுமா என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். வார்னிஷ் ஊற்றிவிட்டால் உள்ளே இருப்பது எதுவென்று யாருக்குத் தெரியும்? கல்யாணம் முடிந்ததும் மாற்றிக் கொடுத்துவிடலாம்… நம்புவீர்களா? எனக்கே இப்போது நம்பிக்கையில்லை.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: “புதுச் செம்புங்க அம்மணி. பத்து வருசத்துக்குத் தொடவே வேண்டாம்!”

கல்யாணத்தன்று வாசலில் நின்று அந்த மரங்களைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! “எந்தத் தோட்டத்துதுங்க? ஒவ்வொரு காயும் யானைத் தந்தமாட்டம் நிக்குது!” என்றார் சம்பந்தி. தோட்டத்திலேயே மேலான இரண்டைப் பார்த்து வெட்டியனுப்பியிருந்தார் அந்த அம்மணி. நான் அவற்றின் நடுவில் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தேன்.

மாற்றிக் கொடுத்தேனா? இல்லை. சித்திரை வெயிலில் மோட்டார் எரிந்தது. அப்போது நான் பட்டறையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வேறு எங்கே கொடுத்திருந்தாலும் அன்றைக்கே பிரித்துப் பார்த்து உண்மையைச் சொல்லியிருப்பார்கள். அவர் கொடுக்கவில்லை. “எங்கண்ணா வந்துதான் பிரிக்கோணும்” என்று பன்னிரண்டு நாள் காத்திருந்தார். குலை முற்றும் நேரத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒரு ஏக்கரும் தண்டு மடிந்து சாய்ந்தது.

என்னை நம்பிக் காத்திருந்ததால் சாய்ந்தது!

எரிந்த மோட்டாரோடு என்னிடமேதான் வந்தார். வந்து சொன்னதுதான் நீங்கள் முதலில் கேட்ட பேச்சு. இந்த முறை செம்பே சுற்றலாம். சுற்றி? சாய்ந்த மரம் எழுந்துவிடுமா?

“அம்மணி…” என்று ஆரம்பித்தேன். சொல்லிவிடத்தான் நினைத்தேன் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குள் அவர் வண்டிக்குப் போய், ஒரு தாரைத் தோளில் தூக்கி வந்தார். “தப்பிச்சது இது ஒண்ணுதானுங்ணா. சுத்தறதுக்கு இதை வெச்சுக்கோங்க” என்று என் மேசைமேல் இறக்கினார். காய் நசுங்குமே என்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, மடித்து, தாரின் அடியில் கொடுத்தார்.