ஆத்தா ஓடிய கூடை ஓட்டம்

இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனையில் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த பூரணிக்கு ஒரே ஆசை. ஓடிச் செயிக்க வேண்டும், செயித்தவள் என்று தன் பேரை ஊர் கேட்க அறிவிக்க வேண்டும். அடேயப்பா, அவள் ஓட்டம்! கூடை நிறையக் கொழுந்தோடு மழையையே முந்துவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் தொழிற்சங்கத்தில் சேர்ந்தவள், கூட்டத்தில் எழுந்து பேசியும் விட்டாள். வந்தது வினை.

"சங்கத்துப் பொம்பளைங்க வெளையாட்டுப் போட்டியில ஓடக்கூடாது. மீறுனா பேர வெட்டிருவேன்" என்றார் வேலை வாங்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி. பேர் போனால் வேலை போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

"பேசாம கெட புள்ள" என்றாள் பக்கத்து வீட்டு வேலாயி.

தோட்டச் சனத்தின் வாக்குரிமையைத்தான் பறித்தார்கள், காலையுமா பறிப்பார்கள் என்று பொருமினாள் பூரணி.

போட்டியன்று நாலு தோட்டத்துச் சனமும் கடைவீதி முதலாளிமாரும் கூடியிருந்தார்கள். கூடை ஓட்டத்துக்கு விசில் ஊதியதும் வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து ஓர் அலறல். தலையை விரித்துப்போட்டு, கூடையோடு பாய்ந்தாள் பூரணி.

"ஐயோ, ஆத்தா வந்துட்டா!" வேலாயி குலவையிட்டாள்.

சாமி வந்தவளை யார் மறிப்பது? பிடிக்க வந்த கணேசமூர்த்தியே, தொட்டால் கண் அவிந்துவிடும் என்று பயந்து, சப்பாத்தைக் கழற்றிக் கும்பிடப் பார்த்தார். பாவம், ஒன்று கழன்றது, மற்றது மாட்டிக்கொண்டது. ஆத்தா எல்லாரையும் முந்தி எல்லைக் கயிற்றைத் தாண்டினாள். தாண்டியவள் சும்மா இருந்தாளா? மூச்சு வாங்க, "ரெண்டாவதா வந்தது யாருடி?" என்று கேட்டுத் தொலைத்தாள். சாமி கேட்கிற கேள்வியா அது!

அன்று பரிசுக் கம்பளியை யாருக்கும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் தோட்டத்தை நடத்தும் துரையும் வந்து நின்றார். கணேசமூர்த்தி கொதித்தார்.

"சாமியாவது பூதமாவது! எல்லாம் நடிப்பு தொரை! ஓடுனது இந்தப் பூரணிதான்! மொதலா வந்தது இவதான்!"

பூரணிக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

"எல்லாரும் கேட்டீங்களா? கண்டாக்கையாவே சொல்லிட்டாரு. கம்பளியக் குடுங்கய்யா!"

பெரட்டுக்களமே குலவையில் அதிர்ந்தது. இத்தனை பேர் பார்க்க இவள் பேரை வெட்டினால் நாலு தோட்டமும் சிரிக்கும் என்று துரைக்குத் தெரியும். "கண்டாக்கு, கம்பளி குடு" என்றார்.

கணேசமூர்த்தி கம்பளியை நீட்டினார். பூரணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பேரச் சொல்லிக் குடுங்கய்யா."

சொன்னார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பின்னாடி நிக்கிறவுங்களுக்குக் கேக்கலைங்கய்யா" என்றாள் பூரணி.