சூசை மாஸ்டர் நகரமாட்டார்

காலை ஐந்தே முக்கால் மணிக்கு, ரெட்டியார்பாளையத்தில் இரண்டு மாடி வீடு ஒன்றின் கீழே, தெருவில், சூசைநாதன் இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேராக விரித்துக்கொண்டு நிற்கிறார். மேலே பால்கனியில் அவர் மனைவி ஸ்டெல்லாமேரி, கையில் ஸ்கூட்டர் சாவி. தினமும் சாவியை மறந்துவிட்டுத்தான் மாஸ்டர் மாடியிறங்குவார். அது மறதியே இல்லை, வேண்டுமென்றே செய்கிறார் என்பது ஸ்டெல்லாவின் பதினெட்டு வருடச் சந்தேகம்.

சாவி வருகிறது. மாஸ்டருக்கு இடப்பக்கம் நாலடி தள்ளி, சாக்கடை ஓரமாக விழுகிறது. அவர் ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

"மொழங்கை எறங்குது ஸ்டெல்லா."

"சாவிய எடுத்துக்கினு கெளம்புறீங்களா, இல்ல எறங்கி வந்து ஒங்க மண்டையில வைக்கட்டா?"

"புடிக்கிறவன் நகரக்கூடாது. நகந்தான்னா வீசுனவங்க தப்பு."

சூசை மாஸ்டரின் வேதம் மொத்தமும் இந்த ஒரு வரிதான். லாஸ்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக அவர் உடற்பயிற்சி ஆசிரியர். சாஃப்ட்பால் கற்றுத்தருகிறார். 'அது என்னா சார், கிரிக்கெட்டா?' என்று பெற்றோர்கள் கேட்டால், "கிரிக்கெட்டு மாதிரி. ஆனா அந்த மாதிரி இல்ல" என்பார். இதைவிடத் தெளிவாக அவர் யாருக்கும் விளக்கியதில்லை.

புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் இரண்டு வாரம் பந்து கிடையாது. தம்முடைய பழைய காலுறைகளை உருண்டையாகச் சுருட்டிக் கொடுத்து, ஒற்றைக்கால் மண்டியிட்டுச் சுவரைப் பார்த்து வீசச் சொல்வார். ஒருமுறை மகளைப் பார்க்க வந்த ஒரு தகப்பனார், வரிசையாக மண்டியிட்டிருந்த பிள்ளைகளைக் கண்டு பதறி, "எம் பொண்ணு என்னா சார் தப்பு பண்ணுச்சு?" என்று கண் கலங்கிவிட்டார். "மொழங்கைய எறக்கிட்டா" என்றார் மாஸ்டர், அவரும் ஏறக்குறைய அதே கலக்கத்தோடு.

"தோளக் காட்டு. கால வையி. மொழங்கையத் தூக்கு. மணிக்கட்ட வெட்டு." இந்த நான்கையும் ஜெபமாலை சொல்லும் ராகத்தில் சொல்லிக்கொண்டே வரிசையின் பின்னால் நடப்பார். ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதை மட்டும் கத்திச் சொல்வார்: "பந்துமேல இருந்து கண்ண எடுக்காத!" ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியார் தீர்த்தம் தெளிக்கையில் எல்லாரும் தலை குனிவார்கள். மாஸ்டர் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். "நம்ம சாமியாருக்கு மணிக்கட்டு அருமை. மொழங்கைதான்…" என்று ஆரம்பிக்கும்போதே ஸ்டெல்லாவின் முழங்கை அவர் விலாவில் இறங்கும்.

அவர் யாரையும் புகழ்வதில்லை. மிக நல்ல வீச்சுக்கு ஒரு "ம்" கிடைக்கும். இருபத்திரண்டு வருடத்தில் அதை வாங்கியவர்கள் பதினோரு பேர். மூலக்குளத்திலிருந்து பஸ்ஸில் வரும் சத்யப்பிரியா அந்தப் பதினோரு பேரில் இல்லை. அவள் வீசும் பந்து ஆறு மாதமாக அவர் நெஞ்சுக்கு நேராகவே வந்துகொண்டிருந்தது. சொன்னால் கெட்டுவிடும் என்று பயந்து, "அடுத்து!" என்று மட்டும் சொல்லிவந்தார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைதான் அந்தச் சோதனை வந்தது.

மாலைப் பயிற்சி முடித்துப் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் பெண்களை ஒட்டி, ஒரு வாரமாக ஒருவர் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டி ஏதேதோ சொல்லிக்கொண்டு போனார். செவ்வாயன்று சத்யப்பிரியாவின் கையிலிருந்த பந்து கிளம்பிப் போய் அந்த வண்டியின் வலப்பக்கக் கண்ணாடியை உடைத்தது. கண்ணாடியை மட்டும்.

மறுநாள் காலை உடைந்த கண்ணாடியை, செத்த பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு அந்த வண்டிக்காரர் தலைமையாசிரியை அறையில் நின்றார். தலைமையாசிரியை கமலவேணி மாஸ்டரைக் கூப்பிட்டார். சத்யப்பிரியா சுவரோரம் நின்றாள்.

"சனிக்கிழமை புதுச்சேரி டீமுக்கு செலக்‌ஷன். இவ குறி பாத்து அடிச்சிருந்தா பேர எடுத்துடறேன். கை தவறிப் போயிருந்தா வார்னிங்கோட வுட்டுடறேன். நீங்க சொல்லுங்க மாஸ்டர், இவளால குறி பாத்து வீச முடியுமா?"

மாஸ்டர் தலையைத் திருப்பினார். வண்டிக்காரரிடம் கேட்டார்: "எவ்ளோ தூரம் சார் இருக்கும்?"

"நாப்பது அடி இருக்கும் சார்! ஓடற வண்டி! கரெக்டா கண்ணாடியில!"

ஓடும் வண்டி. அதற்கு ஓரடி முன்னால் வீச வேண்டும். அதை மாஸ்டர் இன்னும் யாருக்கும் கற்றுத்தரவேயில்லை. அவர் நெஞ்சுக்குள் நல்லெண்ணெய் விளக்கு ஒன்று ஏற்றினாற்போல் இருந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார், முகத்தை மறைக்க வேறு வழியில்லாமல்.

பிறகு, இருபத்திரண்டு வருட மானத்தையும் அந்தக் கைக்குட்டையிலேயே மடித்து வைத்துவிட்டு, சொன்னார்:

"மேடம், இந்தப் புள்ளைக்கு வீசவே வராது. மொழங்கை எறங்கும். கால் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். கெழக்க பாத்து வீசுனா மேற்க போவும். இவ குறி பாத்து அடிச்சான்னு யாராச்சும் சொன்னா, நான் இன்னிக்கே வேலைய வுட்டுடறேன்."

"அப்புறம் எதுக்கு மாஸ்டர் டீமுல வச்சிருக்கீங்க?"

மாஸ்டர் கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"நல்லா ஓடுவா மேடம்."

"பொய் மேடம்!" என்று குதித்தார் வண்டிக்காரர். "நான் இருவதுலதான் போய்க்கினு இருந்தேன், நல்லா பாத்துதான் அடிச்சா!"

"காலியா கெடக்குற ரோட்டுல, பொம்பளப் புள்ளைங்க பக்கத்துல, நீங்க ஏன் சார் இருவதுல போனீங்க?" என்று தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார் கமலவேணி. வண்டிக்காரருக்கு உடனே ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது.

சத்யப்பிரியாவின் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. "சரி சரி, மனசுக்கு உறுத்துதுல்ல, அது போதும். போ" என்று தலைமையாசிரியை மன்னித்து அனுப்பினார். கண்ணாடிக்காக ஒரு சொட்டுக்கூட அவள் விடவில்லை. அவ்வளவும் முழங்கைக்காக.

வியாழக்கிழமை காலை மைதானத்தில் மற்றவர்கள் ஜோடி ஜோடியாகப் பந்து வீசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"நாளன்னைக்கு செலக்‌ஷன். எழுந்து வா" என்றார் மாஸ்டர்.

"நான் வர்ல சார். எனக்குத்தான் வீசவே வராதே. நல்லா ஓடுவேன், வேணும்னா ஓடிக் காட்டவா?"

அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருடமாக "ம்" என்பதற்கு மேல் பழகாத வாய், திறந்த மாதிரியே மூடிக்கொண்டது.

ஒரு பந்தை எடுத்து அவள் மடியில் போட்டார். இடது கையில் கிளவுஸை மாட்டிக்கொண்டு எண்ணி எண்ணி நாற்பது அடி நடந்தார். திரும்பினார். கிளவுஸை நெஞ்சுக்கு நேராக வைத்தார்.

மட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் மெல்ல எழுந்தாள். பந்தைக் கையில் உருட்டினாள். இடது தோள் அவர் பக்கமாகத் திரும்பியது.

"சார், வேகமா வரும்."

"வீசு."

மற்ற பெண்கள் வீசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார். பிறகு, கிளவுஸ் ஓர் அங்குலம்கூட அசையாமல், கண்களை இறுக மூடிக்கொண்டார்.