கவிஷா பார்த்த முதல் நாடகம்

பன்னிரண்டு வருஷமாக மடுல்சீமைத் தேயிலைத் தோட்டப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறேன். எப்படி ஓட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை. அப்பா என்கிற வேலையில் நான் சேர்ந்து இரண்டரை வருஷம்தான் ஆகிறது, அதற்குள் புத்தி சொல்லாத ஆளே மிச்சமில்லை. கைப்பிள்ளையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போன அப்பாமார் யாராவது இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் அவர்களுக்குப் புரியும்.

பதுளையில் ஒரு மண்டபத்தில் சிறுவர் நாடகம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். முயல், குரங்கு, கரடி என்று ஆட்களே வேஷம் போட்டு வருவார்களாம். என் மகள் கவிஷா அதுவரை கரடியைப் போனில்தான் பார்த்திருக்கிறாள். அன்று சனிக்கிழமை, மனைவி செல்விக்கு மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலை. "நீங்க கூட்டிட்டுப் போங்க. வந்து எனக்குக் கதை சொல்லட்டும்" என்றாள். கிளம்பினோம்.

பஸ்ஸில்

அந்த ரோட்டில் ஆட்டோவில் போனால் பிள்ளைக்கு வாந்தி வரும் என்று பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் மரக்கறிப் பையோடு ஒரு அம்மா. பிள்ளையின் பேர் கேட்டார், வயசு கேட்டார், பிறகு குனிந்து அவளிடமே, "அம்மா எங்க கண்ணு?" என்றார். கவிஷா இரண்டு கையையும் விரித்து, "அம்மா இல்ல" என்றாள். அவள் பாஷையில் பிஸ்கட் தீர்ந்தாலும் இல்ல, நிலா தெரியாவிட்டாலும் இல்ல.

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேலைக்குப் போயிருக்காங்க" என்று நான் மூன்று தரம் சொன்னேன். துக்கத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார். பசறையில் இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "சின்ன வயசுதானே தம்பி, புள்ளைக்காகவாவது இன்னொரு கல்யாணம் பண்ணிக்கங்க."

வாசலில்

மண்டப வாசலில் பேட்ஜ் குத்திய ஒருவர் டிக்கெட்டைப் பார்த்தார், கவிஷாவைப் பார்த்தார். "அஞ்சு வயசுக்குக் கீழ உள்ளுக்கு எடுக்கிறதில்லைங்க" என்றார். நோட்டீஸில் அப்படி ஒரு வரியும் இல்லையே என்றேன். டிக்கெட் விற்கும்போது பிள்ளைக்கும் சேர்த்துத்தானே கொடுத்தார்கள் என்றேன். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்திருக்கிறோம் என்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கவிஷா அவருடைய பேண்ட்டைப் பிடித்து இழுத்து, "அங்கிள், கரடி தூங்குதா?" என்று கேட்டாள்.

கடைசியில், கதவோரம் கடைசி வரிசையில் இருக்க வேண்டும், பிள்ளை சத்தம் போட்டால் வெளியே போய்விட வேண்டும் என்று சொல்லி உள்ளே விட்டார். அப்படியென்றால் இது யாருக்குப் போடுகிற நாடகம் என்று கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் பதில் சொன்னார்: "சிறுவர் நாடகம்னா, பெரிய சிறுவருக்குங்க."

வெறும் கதிரைகள்

முன்னால் இரண்டு வரிசை வெள்ளைத் துணி போட்ட கதிரைகள். பிரதம அதிதியாக அழைத்திருந்த பெரிய மனிதரையும் கூட வந்த நாலு பேரையும் தவிர அதில் யாருமில்லை. பிள்ளைகளெல்லாம் பின்னால் பெரியவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். விளக்கேற்றினார்கள், மாலை போட்டார்கள், பேசினார்கள். பிரதம அதிதி, பிள்ளைகளின் மகிழ்ச்சிதான் நமக்கு முக்கியம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். அவர் மூச்சு வாங்க நிறுத்தின இடத்திலெல்லாம், முடிந்துவிட்டது என்று நினைத்துக் கவிஷா கைதட்டினாள். கொஞ்ச நேரத்தில் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்து மனிதர் இன்னும் நீட்டினார்.

பேசி முடித்ததும் அதிதிகள் ஐந்து பேரும் நாடகம் பார்க்காமலே எழுந்து போனார்கள். இனி பிள்ளைகளை முன்னால் விடலாமே என்று பேட்ஜ்காரரிடம் போய்க் கேட்டேன். "அவங்க போனாலும், கதிரை அவங்களோடதுதாங்க."

கரடி வந்தது

முயல் வந்தபோது கவிஷா குதித்தாள். குரங்கு வந்தபோது சிரித்தாள். பிறகு விளக்கு மங்கியது, மேளம் அதிர்ந்தது, பானை அளவு தலையோடு கரடி வந்தது. அவள் வீரிட்ட வீரிடலில் முன்னால் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். எங்களுக்கு முந்தின வரிசையில் ஒரு டவுன் அம்மாவின் மடியில் இருந்த மகனும் அழுதான். அவனுக்கு ஆறு வயசாவது இருக்கும்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அந்த அம்மா தன் மகனின் கண்ணைத் துடைத்துக்கொண்டே, என் காதில் விழும்படியாகத்தான், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "தோட்டத்துப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல, பாவம்."

பக்கத்து வராந்தாவில்

அந்தப் 'பாவம்'தான் இன்றுவரை எரிகிறது. வெளியே வராந்தாவில் பிள்ளையைத் தட்டிக்கொண்டு நின்றபோது, பக்கக் கதவைத் திறந்துகொண்டு அதே கரடி வந்தது. வந்து தலையைக் கழற்றித் தரையில் வைத்தது. உள்ளே வியர்த்து ஊற்றிய ஒரு பெண்பிள்ளை, தண்ணீர் போத்தலோடு.

"நான் பயமுறுத்திட்டேனா தங்கம்?" என்று அவள் தரையில் உட்கார்ந்தாள். கவிஷா இறங்கவில்லை. அந்தப் பெண் தலையை மாட்டினாள், கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். நாலாவது தரம் கவிஷா சிரித்துவிட்டாள். இறங்கிப் போய்க் கரடியின் மூக்கைத் தொட்டாள். மடுல்சீமையிலிருந்து வந்ததையும் உள்ளே நடந்ததையும் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. தலையை மாட்டுவதற்கு முன் சொன்னாள்: "நானும் மடுல்சீமை தோட்டத்து லயத்துல பொறந்தவதாண்ணே. புள்ளையை முன்னுக்குக் கொண்டுபோய் இருங்க, யார் எழுப்புறாங்கன்னு பார்ப்போம்."

முதல் வரிசையில்

போய் வெள்ளைக் கதிரையில் உட்கார்ந்தேன். பேட்ஜ்காரர் ஓடி வந்தார். "அதிதி வந்தா எழும்புறேன்" என்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, திரும்பிப் போய்விட்டார். கரடி மறுபடி மேடைக்கு வந்தது. மண்டபம் முழுக்கப் பிள்ளைகள் அழ ஆரம்பிக்க, கவிஷா கதிரைமேல் ஏறி நின்று, "அக்கா, தலையைக் கழட்டுங்க!" என்று கத்தினாள்.

கரடி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு எல்லார் முன்னாலும் தலையைக் கழற்றிக் கவிஷாவுக்குக் கும்பிடு போட்டது. அழுகையெல்லாம் சிரிப்பாகிவிட்டது, பின்னாலிருந்த பிள்ளைகள் கும்பலாக முன்னால் ஓடி வந்தார்கள். யாரோ என் தோளைத் தொட்டார்கள். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த டவுன் அம்மா நின்றார்: "உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில யாரும் இருக்காங்களா?"

சிறுவர் நாடகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவருவதில் தப்பொன்றும் இல்லை என்று யாராவது கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தந்தால், அடுத்த தடவை பிள்ளையின் மாற்றுச் சட்டையோடு அதையும் பையில் வைத்துக்கொண்டு போவேன்.