வீடென்று கை தூக்க வைத்தவர்

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தனலட்சுமி அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாராம். மீன்காரம்மா என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன். "சிரிச்சிக்கிட்டே வரி போடுவாங்களே, அவுங்களா?" என்றார். அக்காவை அறிந்து இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அதற்குமேல் அறிமுகம் வேண்டியதில்லை.

நகராட்சியின் சொத்து வரிப் பிரிவில் அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. எந்தக் கட்டடம் வீடு, எது கடை என்று வகைப்படுத்துவது எங்கள் வேலை. கடைக்கு வரி அதிகம். சந்தேகம் வந்தால், "உள்ள போயி குடிக்கத் தண்ணி கேளு. சமையக்கட்டுலேர்ந்து வந்தா வீடு" என்பார். பாதி விளையாட்டுதான். ஆனால் நேரில் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டதே இல்லை.

சாரம் பகுதியில் ஒரு தெருவில் அஞ்சலையும் இன்னும் சில பெண்களும் வீட்டு முன்னறையில் இட்லி சுட்டு விற்றார்கள். அந்த வீடுகளைக் கடை வகைக்கு மாற்ற யோசனை வந்தது. மாற்றினால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான் என்று அஞ்சலை அழுதார். அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த முருகேசனோ, தான் கடை வரி கட்டும்போது அவர்கள் மட்டும் ஏன் கட்டக்கூடாது என்று கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது. தெருக்காரர்களைக் கூட்டிக் கை தூக்கச் சொல்லுங்கள், அதன்படி முடிவெடுக்கிறேன் என்று மேலதிகாரி பொறுப்பை அக்காவிடம் விட்டார்.

கல்யாண மண்டபத்தில் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முருகேசனிடம் கேட்டார்: "கடைய சாத்திட்டு எங்கண்ணே போவீங்க?"

"வீட்டுக்குத்தான்."

"அஞ்சலை சாத்திட்டு எங்க போவும்?"

முருகேசன் திரும்பி அஞ்சலையைப் பார்த்தார். பிறகு, "அப்ப எங்கடையிலயும் ஒரு கட்டில் போட்டுடறேன். வீடுன்னு எழுதிக்குங்க" என்றார்.

"அண்ணிய குடி வெச்சுட்டு சொல்லுங்க, எழுதிடறேன்."

துணி மூட்டைகளுக்கு நடுவே தன்னால் குடித்தனம் நடத்த முடியாது என்று பின்வரிசையிலிருந்து அவர் மனைவி சொல்ல, மண்டபமே சிரித்தது. வீடு என்று முதலில் உயர்ந்தது முருகேசனின் கை. பிறகு வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அந்த வீடுகள் வீடுகளாகவே இருக்க உத்தரவும் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். முருகேசனையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார் அக்கா. "ஜெயிச்சவங்களும் தோத்தவங்களும் ஒண்ணா சாப்ட்டாத்தான் ஓட்டு முடிஞ்சதுன்னு அர்த்தம்" என்று முருகேசன் தட்டில் தானே சட்னி ஊற்றினார்.

எதிர்த்துப் பேச வந்தவரிடம் கோபம் வரும்போது, முதலில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். இன்று காலை கவுண்டரில் ஒருவர் சத்தம் போட்டார். கேட்டேன், காத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். போகும்போது சிரித்தார்.